ஒற்றை நாற்று தோற்றது நாற்றால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வந்த நெல் விஞ்ஞானிகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 1966 இல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர். 8 நெல்லுக்கும், நமது பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் தந்த இனங்களுக்கும் கட்டுரையாளர் உரிய மரியாதை கொடுத்திருக்கிறார். அதில் எனக்குக் குறையில்லை. அந்த நிலையத்தின் பீ.ஜி. 94-1 நெல் இல்லாதிருந்தால் எங்கள் வட்டையில் பாதிப்பேர் வயலை ஈடுவைத்துவிட்டுக் கொழும்புக்குக் கூலிக்குப் போயிருப்போம். என் குறை கடைசிப் பத்தியைப் பற்றியது. இளம் நாற்றை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு நட்டு, தண்ணீரைத் தேக்காமல் விளைவிக்கும் ஒற்றை நாற்று முறை மேடைப் பேச்சுக்கு அழகானது, கிழக்கு மாகாணத்தில் எடுபடாமல் போனது என்று ஒரே வரியில் கதையை முடித்திருக்கிறார். எடுபடவில்லை என்பது உண்மைதான். ஏன் எடுபடவில்லை என்பதைத் தோற்றவன் ஒருவனிடம் கேட்டிருக்கலாம். நான் தோற்றவன். பிறகு ஒரு முறை வென்றவன். அதனால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். அம்பாறை மாவட்டத்தில் நாவிதன்வெளிப் பக்கம், கல்லோயா இடதுகரை வாய்க்கால் ஓடிக் களைத்து நிற்கும் கடைப்பகுதியில் ஐந்து ஏக்கர் வயல் எனக்கு இருக்கிறது. தகப்பனார் விட்டுச் சென்றது. பாடசாலை விட்டதும் நேரே வயலுக்குப் போய், சேற்றுக் காலோடு வீடு வந்து விடைத்தாள் திருத்திய காலம் முப்பது வருடம். ஒரு மாணவனின் கேத்திரகணிதத் தாளில் இன்றைக்கும் என் சேற்றுக் கைரேகை இருக்கிறதாம். அவன் அதைச் சட்டம் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லித் திரிகிறான். நம்புவதற்கில்லை.

ஒற்றை நாற்று முறையை உண்டாக்கியவரின் பெயர் ஹென்றி டி லோலானியே. கட்டுரையில் அந்தப் பெயர் இல்லை. 1920 இல் பிரான்சில் பிறந்தவர். முதலில் விவசாயம் படித்துப் பட்டம் பெற்றார். 1941 இல் இயேசு சபையில் சேர்ந்து 1951 இல் குருவானார். இயேசு சபைத் துறவிகள் என்றால் மட்டக்களப்பாருக்குப் பாடசாலையும் கூடைப்பந்தும்தான் நினைவுக்கு வரும். இவர் வயலில் இறங்கிய சாமியார். 1961 இல் மடகஸ்காருக்கு அனுப்பப்பட்டபோது வயது நாற்பத்தொன்று. 1995 இல் அந்த நாட்டிலேயே கண்ணை மூடினார். இடைப்பட்ட முப்பத்துநான்கு வருடமும் நெல்தான்.

மடகஸ்காரைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கும் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்டதாகக் கணக்கில்லை. நடவுக்கு முன் மாட்டுக் கூட்டத்தை வயலுக்குள் ஓட்டிச் சேறு மிதிக்க வைப்பார்கள். எங்கள் பக்கம் எருமைப் பட்டியை இறக்கி மிதித்ததை நான் சிறுவனாக வரம்பில் நின்று பார்த்திருக்கிறேன். பானையின் அடியில் தீய்ந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து அதைச் சாப்பாட்டோடு குடிப்பது அவர்களுக்கு வழக்கம். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அப்படியென்றால் அடிப்பிடித்த பானைக்காக நான் இத்தனை வருடம் வாங்கிய பேச்சுக்கு என்ன பதில்?" என்று கேட்டார். பதில் இன்னும் சொல்லவில்லை.

லோலானியே போன புதிதில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. வரம்பில் நின்று பார்த்தார். அவரைப் பற்றி எனக்குப் பிடித்ததே அதுதான். எல்லோரும் மூன்று நான்கு நாற்றைக் கொத்தாகப் பிடித்து நடும்போது, எங்கோ சிலர் ஒவ்வொன்றாக நட்டிருந்தார்கள். எல்லோரும் தண்ணீரைக் கட்டி வைக்கும்போது, வேறு சிலர் வயலை ஈரமாக மட்டும் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு விளைச்சல் குறையவில்லை என்பதைக் கண்டு குறித்துக்கொண்டார். 1981 இல் அன்சிராபே என்ற மலைநாட்டு ஊரில் கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு விவசாயப் பாடசாலை தொடங்கினார். இரண்டாவது வருடம் கழிந்து, 1983 இல், பருவம் நெருக்கியதால் ஒரு மாத நாற்று நட வேண்டிய இடத்தில் பதினைந்து நாள் நாற்றையே பிடுங்கி நட வேண்டி வந்தது. பிழைக்குமா என்று சந்தேகத்தோடு நட்ட பயிர். முதலில் வயல் வெறுமையாகக் கிடந்தது. பிறகு மட்டம், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டு, வெடிக்கத் தொடங்கியது, வெடித்துக்கொண்டே போனது. அடுத்த போகங்களில் பன்னிரண்டு நாள், பத்து நாள், எட்டு நாள் என்று இன்னும் இளைய நாற்றாக நட்டுப் பார்த்தார்.

இந்த வரலாறெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பிரான்சில் பிறந்த என் பேரன் மூலம். லோலானியே 1993 இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரை ஒன்றைத் தேடிப் பிடித்து, தொலைபேசியில் வரி வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். அவன் தமிழ் தடுமாறும், எனக்குப் பிரெஞ்சு அறவே இல்லை. நெற்பயிர் பிள்ளை பெறுகிறது, பிள்ளைகள் பிள்ளை பெறுகின்றன என்று அவன் சொன்னபோது முதலில் எனக்கு விளங்கவில்லை. "அதற்கு மட்டம் என்று பெயர் மகன்" என்றேன். "இல்லை தாத்தா, பிள்ளை என்பதுதான் சரி, அட்டவணையைப் பாருங்கள்" என்று ஒரு அட்டவணையை அனுப்பினான்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. நெல் எந்த ஒழுங்கில் மட்டம் வெடிக்கிறது என்பதைக் கட்டாயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் முன்பே கண்டுபிடித்திருந்தார். லோலானியே அதைப் பின்னாளில்தான் படித்தார். தன் வயலில் நடந்ததற்கு அதில் விளக்கம் இருந்தது. நெல்லின் வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்தால், முதல் படியில் தாய்த்தண்டு 1. இரண்டிலும் மூன்றிலும் புதிதாக ஒன்றுமில்லை. நான்காம் படியில் 1. பிறகு 1, 2, 3, 5, 8, 12, 20, 31. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பிபனாச்சித் தொடருக்கு (முந்திய இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை அடுத்த எண்) இவ்வளவு கிட்டிய ஒன்று என் சேற்றுக்குள் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டு படியும் முடிந்தால் ஒரு விதையிலிருந்து 84 மட்டம். அந்தக் கடைசி மூன்று படியை மட்டும் பயிர் இழந்தால் என்ன ஆகும்? 12, 20, 31 போய்விடும். மிஞ்சுவது 21. நாலில் மூன்று பங்கு நட்டம் கடைசிப் படிகளில்தான் இருக்கிறது.

நாற்று ஏன் இளையதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். நான்காம் படி தொடங்குமுன், அதாவது இரண்டு இலை விரிந்து மூன்றாவது தலைகாட்டும் பருவத்தில் இடம் மாற்றினால் பயிர் அதிர்ச்சியை உணராமல் போய்விடும். அதற்குப் பிறகு பிடுங்கினால் ஒவ்வொரு படியும் நீண்டு, பூக்கும் காலம் வந்துவிடும், கடைசிப் படிகளுக்கு நேரமிருக்காது. எங்கள் வெப்பத்தில் அது எட்டு முதல் பன்னிரண்டு நாள் நாற்று. நெருக்கமாக நட்டாலும் இதே கதைதான். வேர் மூச்சு முட்டினாலும் இதேதான். நெல் தண்ணீரில் வளரும் பயிர் என்று நாம் நினைக்கிறோம். தண்ணீரைச் சகித்துக்கொள்ளும் பயிர் என்பதுதான் சரி. தொடர்ந்து தேங்கிய தண்ணீரில் வேர் கறுத்து அழுகுகிறது. நாம் தண்ணீர் கட்டுவது பெரும்பாலும் நெல்லுக்காக அல்ல, களையை அமுக்குவதற்காக.

தண்ணீரை இறக்கினால் களை எழும்பும் என்று வயலைப் பார்த்துக்கொள்ளும் எந்த முல்லைக்காரனும் சொல்வான். லோலானியே அதற்கும் வழி வைத்திருந்தார். நெல்லைச் சதுரம் சதுரமாக, 25 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால், கையால் தள்ளும் பற்சில்லுக் களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டலாம். களை சேற்றுக்குள் போகும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

உரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இந்த விடயம் புண்ணாகிவிட்டது. அவர் தொடக்கத்தில் இரசாயன உரம்தான் போட்டார். எண்பதுகளின் பிற்பகுதியில் மடகஸ்கார் அரசு மானியத்தை நிறுத்தியதும், விலை கொடுத்து வாங்க முடியாத ஏழை விவசாயிகளுக்காகக் கூட்டெருவுக்கு மாறினார். விவசாயியின் பையைப் பார்த்து மாறினார். எங்களுக்கு 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த வர்த்தமானி மாற்றியது. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை அந்தப் பெரும்போகத்தில் பதரைத் தூற்றிய எவரையும் கேட்டுப் பாருங்கள்.

1990 இல் அவரும் மடகஸ்கார் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். பெயர் தெஃபி சைனா. புத்தியைச் செம்மைப்படுத்துதல் என்று அந்த நாட்டு மொழியில் பொருள். நெல் என்ற சொல்லே பெயரில் இல்லாத நெற்சங்கம்.

இனி என் தோல்விக்கு வருகிறேன். போர் முடிந்த அடுத்த வருடம், 2010 சிறுபோகத்தில், ஒரு பயிற்சி வகுப்புக்கு எங்களை அழைத்தார்கள். நடத்தியவர்கள் யார் என்று எழுதப்போவதில்லை, அவர்கள் கெட்டவர்கள் அல்லர். குளிரூட்டிய மண்டபத்தில் திரையில் படம் காட்டினார்கள். மயிரிழை போல வெடிப்பு விழும்வரை வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் கட்டுங்கள் என்றார்கள். எல்லோருக்கும் சோற்றுப் பொதி தந்தார்கள். வயலுக்கு ஒருவரும் வரவில்லை.

நான் அரை ஏக்கர் நட்டேன். எங்கள் பகுதியில் வீசி விதைப்புத்தான் வழக்கம், நாற்று நடுகை பழகிய கை குறைவு. களை பிடுங்க வரும் பெண்களைத்தான் கெஞ்சிக் கூட்டி வந்தேன். பத்து நாள் நாற்று எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நடுவிரல் நீளம். இரண்டு இலை, மூன்றாவது சுருண்டபடி. அடியில் விதையின் உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது கழன்றுவிடாமல் மண்ணோடு கிள்ளி எடுக்க வேண்டும். வேர் வெயிலைப் பார்க்கக்கூடாது, அரைமணிக்குள் நட்டு முடிய வேண்டும். அழுத்தி ஊன்றினால் வேர் நுனி மேல்நோக்கி மடங்கும், அது திரும்பிக் கீழே போகவே ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே ஊன்றக் கூடாது, சேற்றின் மேல் படுக்கவைத்து விரலால் மெல்ல இழுத்துவிட வேண்டும். ஒரு அக்கா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், இது வெள்ளாண்மை வேலை இல்லை, ஊசியில் நூல் கோர்க்கிற வேலை" என்றார். மாலையில் பக்கத்து வயல்காரர், சம்மாந்துறைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் இப்படித்தான் அழைப்போம்), வரம்பில் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் பார்த்தார். "மாஸ்டர், நட்டிருப்பது நெல்லா, கத்தரியா?" என்று கேட்டார்.

பயிர் நன்றாகவே பிடித்தது. இருபதாம் நாள் வயலைக் காயவிட்டேன். மயிரிழை வெடிப்பு விழுந்தது. தண்ணீர் கட்ட வேண்டிய நாள். ஏழு நாளுக்கு ஒரு முறை வரும் என்று போக ஆரம்பக் கூட்டத்தில் சொல்லப்பட்ட தண்ணீர் ஏழாம் நாள் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை. பதினாறாம் நாள் வந்தபோது வெடிப்புக்குள் என் சுண்டுவிரல் அடிவரை போனது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முந்திய முறையில் வரம்பை உயர்த்தி, தண்ணீர் பாயும் வாயான வக்கடையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் பயிர் பச்சையாக நின்றது. என் பயிர் பாதி எரிந்தது, மீதியில் களை எழும்பியது. அன்று நான் பட்ட அவமானத்தை விடுங்கள். நான் விளங்கிக்கொண்டது என்னவென்றால், தண்ணீரைப் பதுக்குகிற விவசாயி முட்டாள் அல்ல. அடுத்த முறை வருமா என்று தெரியாதவன் கையில் இருக்கும் தண்ணீரை விடமாட்டான். லோலானியேயின் முறை தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று படத்தில் காட்டினார்கள். அந்த முறைக்கு முதலில் வேண்டியது வாக்குத் தவறாத வாய்க்கால் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

இதில் பெரிய விசித்திரம் ஒன்று இருக்கிறது. இந்த ஒற்றை நாற்று முறையை மடகஸ்காருக்கு வெளியே உலகம் முழுவதும் கொண்டுசென்றவர் எங்கள் கல்லோயா இடதுகரையில் பாடம் படித்தவர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நோர்மன் அப்ஹோப். இவர் நெல் விஞ்ஞானி அல்ல, அரசியல் விஞ்ஞானி. இடதுகரைப் புனரமைப்புத் திட்டத்தில் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்தோடு சேர்ந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியிருக்க வைத்தார்கள். 1981 சிறுபோகத்தில், கல்லோயாவின் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் நான்கில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருந்தது. அடிபிடி நடக்க வேண்டிய வருடம். அந்தப் பரீட்சைப் பகுதியில் சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாமாகவே வாய்க்கால் துப்புரவு செய்தார்கள், முறைபோட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சப்படுத்தியதைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டார்கள். இடதுகரையின் மேற்பகுதியில் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழர். அது 1981 என்பதை வாசகர்கள் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞர்களில் ஒருவரை என் தகப்பனார் சாகும்வரை நினைவு வைத்திருந்தார். பெயர் தெரியாது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்காலுக்குள் இறங்கி நின்று, "ஐயா, இந்த இடத்தில் தண்ணீர் ஏன் தேங்குகிறது?" என்று கேட்ட பையன். கேள்வி கேட்க வந்த முதல் அரசாங்க ஆள் அவன்தான், மற்றவர்கள் பதிலோடு வந்தார்கள் என்பார் தகப்பனார்.

அப்ஹோப் கல்லோயாவில் தான் கற்றதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். பிறகு தொண்ணூறுகளில் மடகஸ்காருக்குப் போனார். அங்கே ரனோமஃபானா என்ற வனத்தைச் சுற்றியிருந்த மக்கள் காடு வெட்டி எரித்துச் சேனை செய்தார்கள். காட்டைக் காக்க வேண்டுமானால் இருக்கிற வயலில் கூட விளைவிக்க வேண்டும். தெஃபி சைனாவின் ஆட்கள் அதற்கு வழியிருக்கிறது என்றபோது அவர் உடனே நம்பவில்லை. ஹெக்டயருக்கு 2 தொன் விளைந்த இடத்தில் சராசரி 8 தொன் என்றால் யார்தான் நம்புவார்? நம் கணக்கில் ஏக்கருக்கு நாற்பது புசல் விளைந்த வயலில் நூற்றைம்பதுக்கு மேல். மூன்று போகம் தொடர்ந்து பார்த்த பிறகுதான் அவர் வாய் திறந்தார். பிறகு நாடு நாடாகச் சொல்லித் திரிந்தார். தமிழ்நாட்டில் அரசே அதை எடுத்துத் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் வைத்தது. இலங்கைக்கும் வந்தது. கல்லோயாவில் தண்ணீர் நம்பிக்கையைக் கண்ட மனிதர் கொண்டுவந்த முறை, கல்லோயா வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் நம்பிக்கை இல்லாமல் காய்ந்துபோனது. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது.

எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒருவர் எனக்கு மறுப்பு எழுதுவார். 2004 இல் நெல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த அதிசய விளைச்சல்களைக் கடுமையாக மறுத்தார்கள். ஒரு வயலில் விழும் சூரிய ஒளிக்கு அளவு உண்டு, அந்த ஒளி தராத நெல்லை எந்த முறையாலும் எடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். சீனாவில் ஒப்பிட்டுப் பார்த்து, நல்ல முறையில் செய்த வழமையான பயிருக்கு மேலாக இதில் ஒன்றுமில்லை என்றார்கள். நான் கணக்கு வாத்தியார், ஒளிக்கணக்கோடு சண்டை பிடிக்கமாட்டேன். மிகப் பெரிய எண்களை நானும் ஒதுக்கி வைக்கிறேன். ஆனால் நாங்கள் ஏக்கருக்கு மூன்று புசல், அதாவது அறுபது கிலோவுக்கு மேல் விதைநெல்லை வீசுகிறோம். இந்த முறைக்கு வேண்டியது இரண்டு முதல் மூன்று கிலோ. விளைச்சல் ஒரு புசல்கூடக் கூடாவிட்டாலும் அந்த மிச்சம் என் பானையில் சோறாகிறது.

2022 சிறுபோகம். நாட்டில் டீசல் இல்லை, யூரியா ஒரு மூடை முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று கள்ளச் சந்தையில் போனது. எரிபொருள் வரிசையில் காக்காவும் நானும் ஒரே வேப்பமரத்தின் கீழ் இரண்டு இரவு கிடந்தோம். பொழுது போகாமல் அந்த அட்டவணையைச் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக் காட்டினேன். 1, 1, 2, 3, 5, 8. காக்கா அட்டையைத் தூரப்பிடித்துப் பார்த்தார். "கணக்குச் சரி மாஸ்டர். தண்ணீர்?" என்றார்.

"அதற்குத்தான் உங்களிடம் பேசுகிறேன் காக்கா."

அவர் வயல் எனக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் அவரைத் தாண்டித்தான் எனக்கு வரும். அந்த வேப்பமரத்தடியில் ஒரு ஒப்பந்தம் செய்தோம். ஆற்றுவாழை மண்டிக் கிடந்த எங்கள் வயல் வாய்க்காலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நான் ஆள்வைத்துத் துப்புரவாக்குவேன். பதிலுக்கு, அவர் வயலுக்குத் திறக்கும் அன்றைக்கே என் வக்கடையையும் அவர் திறந்துவிடுவார். எழுத்தில் ஒன்றுமில்லை.

கால் ஏக்கர் மட்டும் நட்டேன். முக்கால் கிலோ விதைநெல். பத்து அங்குலத்துக்கு ஒரு பல்லாகப் பலகை வாரி ஒன்று செய்து சேற்றில் நெடுக்கும் குறுக்கும் கோடு இழுத்தேன். கோடு வெட்டும் இடத்தில் ஒரு நாற்று, மொத்தம் பதினாறாயிரத்துக்குக் கிட்ட. பட்டியிலிருந்து மாட்டெரு, வேலிக் கிளிசரியா இலை. எங்கிருந்தோ கிடைத்த பத்துக் கிலோ யூரியாவும் போட்டேன், ஒளிக்க விரும்பவில்லை. நண்டு வெட்டிய இடங்களுக்கு மீண்டும் நட்டேன். முதல் மூன்று வாரம் வயலைப் பார்க்கவே மனம் வராது. சேறுதான் தெரியும், நெல் தெரியாது. மனைவி அந்தப் பக்கம் வரவே இல்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, கோடு தெரியவில்லை. பயிர் மூடிவிட்டது. வரம்போரத்துச் செடி ஒன்றைப் பிடித்து எண்ணினேன், 43 மட்டம். பக்கத்துச் செடி 26. ஓரத்துச் செடிக்கு வெளிச்சம் கூடுதல், ஆகவே 43 ஐ யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

தண்ணீர் சொன்னபடி வந்தது. ஒரு முறை மேலிருந்தே இரண்டு நாள் பிந்தியது. அன்றிரவு பத்து மணிக்குக் காக்கா தொலைபேசியில், "மாஸ்டர், தண்ணீர் வந்துவிட்டது, உங்கள் வக்கடையைத் திறந்துவிட்டுத்தான் என்னுடையதைத் திறந்தேன், நீங்கள் படுங்கள்" என்றார். நான் படுக்கவில்லை. டோர்ச் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போய், வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். காய்ந்த சேறு தண்ணீர் குடிக்கும்போது மெல்லிய ஒரு சத்தம் வரும், நீர்க்குமிழி ஒவ்வொன்றாக உடையும்.

அறுவடையில் அந்தக் கால் ஏக்கர் ஒன்பதரை மூடை தந்தது. அதே வயலில் அதே அளவு இடம் வழக்கமாகத் தருவது ஏழு மூடை. களை பிடுங்கவும் நடவும் கொடுத்த கூலியைக் கழித்தால் இலாபம் பெரிதல்ல. இதை நான் ஒளிக்கவில்லை. ஐந்து ஏக்கரும் இப்படி நடுவதற்கு எனக்கு ஆளும் இல்லை, முதுகும் இல்லை. பெரும்போகத்தில் மழைவெள்ளம் நிற்கும் பள்ள வயலுக்கு இது சரிவராது என்பதும் உண்மை. நாற்றைத் தட்டில் வளர்த்து எறியும் பரசூட் முறையோடு இதைச் சேர்த்தால் நடுகைக் கூலி குறையுமா என்று இப்போது பார்க்கிறேன்.

ஆகவே கட்டுரையாளருக்கும், தங்கள் பத்திரிகையை வாசிக்கும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் இடதுகரையின் கடைப்பகுதியில் ஒரே ஒரு வயல் வாய்க்காலை மட்டும் தெரிவுசெய்யுங்கள். அதற்குத் தண்ணீர் விடும் நாட்களை எழுதி வாய்க்கால் மதகில் ஒட்டுங்கள். பிந்துவதானால் முதல் நாளே, தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்குச் சொல்லுங்கள். அந்த வாய்க்காலில் இருப்பவர்கள் ஆளுக்குக் கால் ஏக்கர் நட்டுப் பார்க்கட்டும். மண்டபமும் வேண்டாம், சோற்றுப் பொதியும் வேண்டாம். சப்பாத்தைக் கழற்றக்கூடிய ஒரு விவசாயப் போதனாசிரியரை மட்டும் அனுப்புங்கள்.

என்னிடம் பற்சில்லுக் களைக்கருவி ஒன்று இருக்கிறது. ஒரு பல் உடைந்து, கல்முனையில் ஒட்டுப்போட்டது. இரவல் கொடுப்பேன். கேட்டு வருபவர்கள் சைக்கிளில் வரவும், முச்சக்கரவண்டிக்குள் அதன் பிடி நுழையாது. இப்போதைக்கு அது காக்காவின் வாடியில் இருக்கிறது. இந்தப் போகம் அவரும் கால் ஏக்கர் நட்டிருக்கிறார். "கத்தரி எப்படிக் காக்கா?" என்று நேற்றுக் கேட்டேன். பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நாவிதன்வெளி, அம்பாறை மாவட்டம்.